ஆரும் கூப்பிடாத மெதட்கள்

பட்டியலில் கொக்குவில் இரண்டு தடவை வந்தது. கோப்பாயும் இரண்டு தடவை. தொல்புரமும் அப்படியே. பைத்தன் மொழியில் ‘செற்’ என்று ஒரு கொள்கலன் இருக்கிறது. அது ஒரே பொருளை இரண்டாம் முறை உள்ளே விடாது. ஊர்ப்பெயர்கள் இரட்டிக்கக்கூடாது என்பதற்காகவே நிரலை எழுதியவர் செற்றைப் போட்டிருந்தார். ஆனாலும் உள்ளே விட்டிருந்தது. இரண்டு கொக்குவிலையும் திரையில் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தேன். கொம்பில்லை, காலில்லை, ஒரு புள்ளி வித்தியாசமும் இல்லை. இது இரண்டும் சமமா என்று பைத்தனையே கேட்டேன். சமம் என்றது. அப்படியானால் செற்றுக்குள் ஏன் இரண்டு நிற்கின்றன?

2013ஆம் ஆண்டு மாரிகாலம். ஸ்காபரோவில் ஓர் ஊர்ச்சங்கத்தாரிடம் பெட்டி பெட்டியாகக் கல்வெட்டுகள் சேர்ந்திருந்தன. யாழ்ப்பாணப் பக்கத்தில் ஒருவர் இறந்து 31ஆம் நாள் கொடுக்கிற நினைவு மலரைத்தான் கல்வெட்டு என்கிறோம். முன்னுக்குப் படம், பிறகு தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகளின் புலம்பல், கடைசியில் வம்சாவளி. குடும்பங்களோடு கப்பலும் விமானமும் ஏறி வந்தவை அவை. எந்த மலரில் எந்த ஊர், எந்தெந்த ஆட்கள் என்று தேடக்கூடிய ஒரு சுட்டி வேண்டும் என்பது சங்கத்தாரின் விருப்பம். நூலகம் நிறுவனத்தார் 2005 முதல் ஈழத்து அச்சுப் பொருட்களை மின்வடிவில் சேர்த்து வருகிறார்கள். அவர்களிடம் கொடுப்பதென்றாலும் கையில் என்ன இருக்கிறது என்று முதலில் தெரியவேண்டும்.

நிரலை எழுதியது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெடியன். படிப்பு முடிந்து வேலைக்காக வன்கூவர் போய்விட்டான். நல்ல நிரல், அதை இங்கேயே சொல்லிவிடவேண்டும். பகலில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்த்து, பின்னேரங்களில் பைத்தன் படித்துக்கொண்டிருந்த என்னிடம் அது வந்து சேர்ந்தது. கூடவே சேரும் வந்து சேர்ந்தார். ஊரில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மார்க்கம் வீதியில் எங்கள் அடுக்குமாடியின் இரண்டாம் மாடிக்காரர். கல்வெட்டுகளை வாசித்துப் பெயர்களைக் குறிக்கிற வேலை அவருடையது. கணினியை அவர் தொடமாட்டார். ஆனால் நிரலைத் தாளில் அடித்துத் தரச் சொல்லிக் கேட்டார். கேத்திரகணித நிறுவலை வாசிப்பதுபோல வாசிக்கலாம் என்று நினைத்தாராம்.

அந்த டிசெம்பர் 21ஆம் திகதி இரவு தொடங்கிய உறைமழையை ரொறன்ரோவில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மரக்கொப்புகள் கண்ணாடியாகி முறிந்து மின்கம்பிகளில் விழுந்தன. நகரில் ஏறத்தாழ 3 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. ஸ்காபரோவில் சில தெருக்களுக்கு நத்தார் கழிந்தும் வரவில்லை. மடிக்கணினியின் உயிர் போனபிறகு எனக்கும் தாள்தான் கதி. சேரின் வீட்டு யன்னலோரம், குளிர்ச் சட்டையோடு, பகல் வெளிச்சம் இருக்கும்வரை இருந்து வாசித்தோம்.

அவர் வாசிக்கிற விதம் வேறு. ஒவ்வொரு மெதட்டையும், அதாவது பொருளோடு கட்டிய செயற்கூறையும், எந்த வரி கூப்பிடுகிறது என்று தேடி, பென்சிலால் அம்புக்குறி போட்டுக்கொண்டே போனார். பின்னேரம் தாளை என் பக்கம் திருப்பினார். அம்பு வராத மெதட்கள் எல்லாவற்றையும் சுற்றி வட்டம் போட்டிருந்தார். எல்லாம் ஒரே சாதிப் பெயர்கள், முன்னுக்கு இரண்டு அடிக்கோடு, பின்னுக்கு இரண்டு அடிக்கோடு: __இனிட்__, __ரெப்ர்__, __ஈக்யூ__, __ஹாஷ்__, __லென்__.

“பிள்ளை, இதுகளை ஆர் கூப்பிடுறது?”

“நாங்கள் கூப்பிடுறேல்லை சேர். பைத்தன் கூப்பிடும்.”

“எங்கையிருந்து? இந்தத் தாளிலை அது இல்லையே.”

நான் படித்த எந்தப் புத்தகமும் இந்தச் சிறப்பு மெதட்களை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. அழைப்பவர் தாளில் இல்லை. இரண்டு பொருட்களுக்கு நடுவில் இரட்டைச் சமக்குறி போட்டால் பைத்தன் __ஈக்யூ__வைத் தேடிப் போகும். நீளம் எவ்வளவு என்று கேட்டால் __லென்__. கூட்டல் குறிக்கு __ஆட்__. சதுர அடைப்புக்குறிக்குள் எண்ணைப் போட்டால் __கெட்ஐட்டம்__. ‘ஃபோர்’ சுற்றுக்கு __இட்டர்__. குறியை நாங்கள் எழுதுகிறோம், மெதட்டை மொழி கூப்பிடுகிறது. நிரலர்கள் இவற்றைச் செல்லமாக ‘டண்டர்’ என்பார்கள். ‘மாய மெதட்’ என்றும் சொல்வார்கள். மாயம் என்ற பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. எந்தக் குறிக்கு எந்தப் பெயர் என்பது பைத்தனின் கையேட்டில் ஒரே அத்தியாயத்தில் வரிசையாக எழுதிக் கிடக்கிறது. அந்த மொழியில் அதைவிட வெளிப்படையான பகுதி வேறொன்றில்லை.

சேர் அரைமனதோடு தலையாட்டினார். பட்டியல் இருந்த தாளை எடுத்தார். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, “ஒண்டு கவனிச்சியோ? உடுவில் ஒருக்காத்தான் வருது. சுன்னாகம் ஒருக்கா. மானிப்பாய் ஒருக்கா. ரெண்டு தரம் வாறது முழுக்க ஒகரம், ஓகாரம் இருக்கிற ஊர்” என்றார்.

மின்சாரம் வந்ததும் முதல்வேலையாக இரண்டு கொக்குவிலையும் ஒரு பட்டியலுக்குள் போட்டு அச்சிட்டுப் பார்த்தேன். அப்போது எங்களிடம் இருந்தது பைத்தன் 2.7. அந்தப் பதிப்பில் தமிழ் எழுதினவர்களுக்கு ஒரு தீராத எரிச்சல் இருந்தது. ஒரு பெயரைத் தனியாக அச்சிட்டால் தமிழில் வரும். அதையே பட்டியலுக்குள் வைத்து அச்சிட்டால் சாய்கோடும் எண்ணும் எழுத்தும் கலந்த குறியீடாக வரும். காரணம், தனியாக அச்சிடும்போது கூப்பிடப்படுவது __ஸ்டர்__ வகை மெதட். அது பார்க்கிறவருக்கான வடிவம். பட்டியல் தன் உள்ளேயிருப்பவற்றைக் காட்டும்போது கூப்பிடுவதோ __ரெப்ர்__. அது நிரலருக்கான வடிவம். பொருள் இன்னதுதான் என்று சந்தேகமில்லாமல் காட்டவேண்டியது. 2.7இல் சந்தேகமில்லாமல் காட்டுவதென்றால் ஆங்கில எழுத்தைத் தவிர மற்றதையெல்லாம் குறியெண்ணாக்கிவிடும்.

அன்றைக்கு அந்த எரிச்சல்தான் கைகொடுத்தது. ஒரு கொக்குவிலில் ககரத்துக்குப் பிறகு 0பிசிஏ என்று ஒரே குறியெண். மற்றதில் 0பிசி6, 0பிபிஇ என்று இரண்டு. முதலாவது, ஒகரக் குறியை ஒரே துண்டாக எழுதுவது. இரண்டாவது, ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. யூனிகோடு இரண்டையும் அனுமதிக்கிறது. இரண்டும் ஒன்றே என்றும் சொல்கிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே விழும். ஆனால் வெறும் சரங்களாக ஒப்பிட்டால் அவை வேறு வேறு. ஒன்று 10 குறியெண் நீளம், மற்றது 11.

எப்படி வந்தது என்று சங்கத்தாரிடம் விசாரித்தபோது பாமினி என்றார்கள். ஈழத்தவர்கள் ஆண்டுக்கணக்காகத் தட்டிய எழுத்துரு. அதில் கொம்பு, ககரம், கால் என்று கையால் எழுதுகிற ஒழுங்கிலேயே தட்டுவார்கள். பழைய பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றிய கருவி கொம்பை ககரத்துக்குப் பின்னால் தள்ளியது; காலை அதோடு ஒட்டாமல் விட்டுவிட்டது. புதிதாக யூனிகோடிலேயே தட்டியவர்களுக்கு ஒட்டிய வடிவம் வந்தது. கோப்பாயின் ஓகாரத்துக்கும் இதே கதைதான்.

பிற்பாடு பைத்தன் 3இல் __ரெப்ர்__ திருத்தப்பட்டு, பட்டியலுக்குள்ளும் தமிழ் தமிழாகவே வரத்தொடங்கியது. எல்லோருக்கும் மகிழ்ச்சி, எனக்கும்தான். ஆனால் இரண்டு கொக்குவிலும் அங்கே ஒரே மாதிரித்தான் தெரியும். உள்ளேயிருப்பதைப் பார்க்க ‘அஸ்கி’ என்ற செயற்கூறை வேலை மினக்கெட்டுக் கூப்பிடவேண்டும். இன்றைக்கும் தமிழ்ச் சரத்தில் ஏதாவது கோளாறு என்றால் நான் முதலில் தட்டுவது அதைத்தான்.

இவ்வளவும் தெரிந்தும் ஒரு முடிச்சு மிச்சம். சரங்கள் வேறு வேறு, சரி. அப்படியென்றால் பைத்தன் ஏன் சமம் என்று சொன்னது? வன்கூவர் பெடியன் இந்த இரட்டை வடிவத்தை ஏற்கனவே கண்டுபிடித்திருக்கிறான்! ஊர் என்ற கிளாஸின், அதாவது ஊர்ப் பொருட்களுக்கான வார்ப்பின், __ஈக்யூ__க்குள், இரண்டு பெயரையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட்டிருந்தான். அதனால்தான் சமம் என்ற பதில். ஆனாலும் செற்றுக்குள் இரண்டு.

இப்படிப்பட்ட இடத்தில் வாசித்து யோசிப்பதைவிட ஒற்று வைப்பது மேல். __ஈக்யூ__க்குள் ஒரு அச்சு வரி, __ஹாஷ்__க்குள் ஒரு அச்சு வரி: ‘என்னைக் கூப்பிட்டார்கள்’ என்று சொல்ல. பிறகு இரண்டு கொக்குவிலையும் செற்றுக்குள் போட்டேன். சேர் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டிருந்தார். திரையில் ஹாஷ், ஹாஷ் என்று இரண்டு வரி வந்தது. ஈக்யூ வரவேயில்லை.

“சமமோ எண்டு அது கேக்கவே இல்லையே!” என்றார் சேர்.

கேட்கவில்லைதான். செற் பொருட்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் லட்சம் பெயர் உள்ள பட்டியலில் விடிந்துவிடும். அதனால் ஒவ்வொரு பொருளிடமும் முதலில் __ஹாஷ்__ மூலம் ஒரு முழு எண்ணை வாங்கி, அந்த எண்ணை வைத்து இடம் ஒதுக்கும். எண் வேறென்றால் பொருளும் வேறு, கதை முடிந்தது. எண் ஒன்றாயிருந்தால் மட்டும்தான் __ஈக்யூ__வைக் கூப்பிட்டு உறுதி செய்யும். பெடியன் __ஈக்யூ__வைத் திருத்தியபோது __ஹாஷ்__ பழையபடி திருத்தாத சரத்திலிருந்தே எண்ணைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தது. சமமான இரண்டு பொருட்களுக்கு ஹாஷும் சமமாக இருக்கவேண்டும் என்பது பைத்தனின் நிபந்தனை. அதை மீறினால் பிழைச்செய்தி எதுவும் வராது. கொக்குவில் இரண்டாகும், அவ்வளவுதான்.

பெயரை ஒரே வடிவமாக்குகிற வேலையை __இனிட்__டுக்கு, அதாவது பொருள் பிறக்கிற இடத்துக்கு நகர்த்தினோம். அதோடு இரட்டையர்கள் ஒழிந்தார்கள்.

சேருக்கு ருசி பிடித்துவிட்டது. ஒரு பொருளுக்குள் என்னென்ன மெதட் இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டார். ‘டிர்’ என்ற செயற்கூறைக் காட்டினேன். ஊர் கிளாஸைக் கொடுத்தவுடன் அகரவரிசையில் பெயர்கள் கொட்டின. அடிக்கோடு போட்டவைதான் முக்கால்வாசி. பெடியன் எழுதியது ஒரு கைவிரல் எண்ணிக்கை. மிச்சம் எங்கேயிருந்து என்றார் சேர். எல்லா கிளாஸும் கடைசியில் ‘ஒப்ஜெக்ட்’ என்ற மூலக் கிளாஸிலிருந்து வருகிறது, அதனிடமிருந்து வந்தவை என்றேன். டிர் இரண்டையும் கலந்துதான் காட்டும். ‘வார்ஸ்’ என்று கேட்டால் இந்தக் கிளாஸ் தானே எழுதிக்கொண்டதை மட்டும் காட்டும். எந்த மெதட் எந்த மூதாதையிடமிருந்து என்று பிடிக்க __எம்ஆர்ஓ__ என்ற வம்சவரிசையை மேலே மேலே ஏறிப் பார்க்கவேண்டும்.

சேர் சிரித்தார். “அப்ப டிர் காட்டுறது ஆதனம் முழுக்க. அதிலை எது முதுசம், எது தேடியதேட்டம் எண்டு அது சொல்லாது. உறுதியைப் பாத்தாத்தான் தெரியும்.”

யாழ்ப்பாணத்தாரின் வழமைச் சட்டமான தேசவழமையை டச்சுக்காரர் 1707இல் எழுத்தில் கொண்டுவந்தார்கள். வழிவழி வந்த முதுசம், சீதனம், தாமே சம்பாதித்த தேடியதேட்டம் என்று சொத்தைப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் யாழ்ப்பாணத்தாருக்கு இரத்தத்தில் ஊறியது. ஸ்காபரோவில் எத்தனை பைத்தன் வகுப்பு நடந்தாலும் இந்த உவமை வேறு எவருக்கும் வந்திராது. நான் அதற்குப் பிறகு யாருக்குப் பைத்தன் சொல்லிக்கொடுத்தாலும் இதைத்தான் சொல்கிறேன், சேரின் பெயரைச் சொல்லாமல்.

இந்த வேறுபாட்டைப் பார்க்கத் தெரிந்தால் பல காரியம் விளங்கும். பைத்தன் 3இல் ஒரு கிளாஸில் __ஈக்யூ__ எழுதி __ஹாஷ்__ எழுதாமல் விட்டால், மொழி தானாகவே அந்தக் கிளாஸின் __ஹாஷ்__ஐ ‘நன்’, அதாவது ஒன்றுமில்லை என்று வைத்துவிடும். செற்றுக்குள் போடப் போனால் உடனே பிழைச்செய்தி. 2.7இல் அது முதுசமாக வந்த ஹாஷை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஓடும். இரண்டிலும் டிர் எழுதுகிற பட்டியலில் __ஹாஷ்__ என்ற பெயர் இருக்கும். பெயர் இருக்கிறதென்பதால் ஆள் இருக்கிறார் என்று நம்பமுடியாது.

இன்னொரு நாள் சேர் வேறொரு கேள்வியோடு வந்தார். மலர் என்ற கிளாஸுக்கு __லென்__ இருந்தது; அந்த மலரில் எத்தனை பெயர் குறிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும். ஒரு குடும்பத்தார் தகப்பனுக்கும் தாய்க்கும் ஒரே அட்டைக்குள் இரண்டு கல்வெட்டாக அச்சிட்டிருந்தார்கள். அந்த ஒன்றுக்கு மட்டும் கணக்கை வேறுவிதமாகப் பார்க்க ஏலாதோ என்றார். செய்து பார்த்தோம். அந்த ஒரேயொரு பொருளுக்கு மட்டும் புதிய __லென்__ ஒன்றைக் கட்டிவிட்டேன். பிறகு ‘லென்’ என்று வழமைபோல நீளம் கேட்டால் பழைய எண். பொருளின் பெயரைச் சொல்லி, புள்ளி வைத்து, __லென்__ என்று நேரடியாகக் கூப்பிட்டால் புதிய எண். ஒரே பொருள், ஒரே கேள்வி, இரண்டு பதில்.

பைத்தன் சிறப்பு மெதட்களைப் பொருளிடம் தேடுவதில்லை. பொருளின் கிளாஸிடம்தான் தேடும். இதற்கு ஒரு காரணம் வேகம்: சி மொழியில் எழுதப்பட்ட பைத்தனில் ஒவ்வொரு கிளாஸுக்குள்ளும் நீளத்துக்கு, ஹாஷுக்கு, கூட்டலுக்கு என்று அறைகள் ஒதுக்கியிருக்கின்றன, நேரே அந்த அறையைத் திறந்தால் போதும். மற்றக் காரணம்தான் சேருக்குப் பிடித்தது. பைத்தனில் கிளாஸும் ஒரு பொருள். முழுஎண் என்ற கிளாஸுக்குள் ஒரு __ஹாஷ்__ இருக்கிறது. அது 5, 7 போன்ற எண்களுக்கு ஹாஷ் சொல்ல எழுதியது. இப்போது அந்தக் கிளாஸின் ஹாஷ் என்ன என்று கேட்டால்? பொருளிடமே தேடுவதென்று வைத்தால், பிள்ளைகளுக்காக எழுதி வைத்ததைத் தாயின்மேல் ஏவி, எந்த எண்ணுக்கு என்று தெரியாமல் அது விழுந்துவிடும். கிளாஸின் கிளாஸிடம் கேட்டால் சிக்கல் இல்லை. கீடோ வான் ரோசம் 1989 நத்தார் விடுமுறையில் ஆம்ஸ்டர்டாமில் பைத்தனை எழுதத் தொடங்கியபோது இது இப்படி இருக்கவில்லை. உள்ளமைந்த வகைகளையும் நாம் எழுதும் கிளாஸ்களையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது 2001 டிசெம்பரில் வந்த 2.2ஆம் பதிப்பு. அதற்கு முந்திய பாணிக் கிளாஸ்களில் சேர் கேட்டது நடந்திருக்கும்.

இரட்டைக் கல்வெட்டை இரண்டு மலராகவே பதிந்தோம்.

நீளம் பற்றிய பெரிய வழக்கு இனித்தான். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தை 2.7 வெறும் சரமாக வைத்துச் சொன்னபோது 15 என்றது. ஒவ்வொரு குறியெண்ணையும் மூன்று பைட்டாக எண்ணியிருந்தது. யூனிகோடு சரமாக மாற்றிக் கேட்டால் 5: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. சேரின் முகம் சிவந்தது. “அரிவரி வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் மூண்டு எண்டு சொல்லும்.” 247 எழுத்துக்கும் கணக்கு வைத்திருக்கிற மொழிக்காரரிடம் குறியெண் நியாயம் எடுபடுமா?

எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் கூட்டாளிகளும் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தன் நூலகத்தை வைத்திருக்கிறார்கள். ஒரு சரத்தைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தருகிற செயற்கூறு அதில் உண்டு. த, மி, ழ் என்று மூன்றாகத் தரும். அதைக் கொண்டு, சரத்தின் கிளாஸிலிருந்து ஒரு பிள்ளைக் கிளாஸ் கட்டி, அதற்கு __லென்__ எழுதினேன். மூன்று என்றது. சேர் கைதட்டினார்.

கைதட்டல் அரைமணித்தியாலம்தான். நீளம் மூன்று என்று சொல்கிற சொல்லை ஃபோர் சுற்றில் விட்டால் ஐந்து துண்டாக வந்தது, ஏனென்றால் எங்கள் கிளாஸில் __இட்டர்__ எழுதியிருக்கவில்லை. சரி என்று அதையும் எழுதினால், மூன்றாம் எழுத்தைக் கொடு என்று கேட்டபோது இகரக் குறி மட்டும் தனியாக வந்து நின்றது, __கெட்ஐட்டம்__ முதுசம். அதையும் எழுதினோம். பெயர்களை நிரைப்படுத்தி அட்டவணை போட முயன்றால் இடைவெளிகள் கோணல்மாணலாக விழுந்தன. இடைவெளி நிரப்புகிற மெதட் எங்கள் __லென்__ஐக் கேட்பதேயில்லை, சி மொழிக்குள் தன்னிடமிருக்கிற பழைய எண்ணை எடுத்துக்கொள்கிறது. சிறப்பு மெதட்கள் குடும்பமாக நடக்கிறவை. ஒன்றை மட்டும் தனியே மாற்றினால் மற்றவை பொய் சொல்லத் தொடங்கும். அந்தக் கிளாஸை நாங்கள் வைத்திருக்கவில்லை. ‘எழுத்தெண்ணிக்கை’ என்று வெளிப்படையான பெயரில் ஒரு சாதாரணச் செயற்கூறு எழுதிக்கொண்டோம். அது போதும் என்பதுதான் இன்றைக்கும் என் அபிப்பிராயம். குறிகளுக்குப் புது அர்த்தம் கொடுக்கிற ஆசை நிரலர்களுக்கு இலேசில் அடங்குவதில்லை.

கோடைகாலத்தில் ஒரு அக்கா வந்தார். தன் தகப்பனாரின் கல்வெட்டைத் தானே கொண்டுவந்து கொடுத்ததாகவும், சுட்டியில் அது இல்லையென்றும் சொன்னார். “தொலைச்சுப்போட்டியளோ தங்கச்சி?” என்று கேட்டபோது அவருடைய குரல் ஒரு மாதிரி இருந்தது. பெட்டியைத் திறந்தால் மலர் பத்திரமாக இருந்தது. பதிவும் இருந்தது. பட்டியலில்தான் இல்லை.

பெடியன் பட்டியல் போடுமுன் ‘மலர் இருந்தால் சேர்’ என்று ஒரு வரி எழுதியிருந்தான். வெற்றுப் பதிவுகள் உள்ளே வந்துவிடக்கூடாது என்ற நல்லெண்ணம். ஒரு பொருள் இருக்கிறதா, மெய்யா பொய்யா என்று பைத்தன் அறிய விரும்பினால் அதற்கென்று ஒரு சிறப்பு மெதட்டைத் தேடும். அது இல்லாவிட்டால் __லென்__ஐக் கேட்கும். நீளம் பூச்சியமென்றால் பொய் என்று எடுத்துக்கொள்ளும். அக்காவின் தகப்பனாருடைய மலரில் நாங்கள் இன்னும் பெயர் குறிக்கத் தொடங்கவில்லை. நீளம் பூச்சியம். ஆகவே மலர் இல்லை. இதேபோல் குறிக்கப்படாமல் கிடந்த எல்லா மலர்களும் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்திருந்தன.

இந்தக் குழியில் பைத்தனைச் செய்தவர்களே விழுந்திருக்கிறார்கள். நேரத்தைக் குறிக்கிற அவர்களுடைய கிளாஸில் நள்ளிரவு 12 மணி நீண்டகாலமாகப் பொய்யாக இருந்தது. நேரம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டால், நள்ளிரவைக் குறித்தவர்களுக்கு மட்டும் இல்லை என்று வரும். 2015இல் வந்த 3.5ஆம் பதிப்பில்தான் திருத்தினார்கள்.

மெய்-பொய் சொல்கிற சிறப்பு மெதட்டை எழுதி ‘எப்போதும் மெய்’ என்று வைப்பது ஒரு வழி. நான் அதை எழுதவில்லை. அந்த வரியையே ‘மலர் நன் இல்லையென்றால்’ என்று தெளிவாக மாற்றினேன். நல்லதாய்ப் போயிற்று. 2.7இல் அந்த மெதட்டின் பெயர் __நொன்சீரோ__, பைத்தன் 3இல் __பூல்__. பதிப்பு மாறினபோது பழைய பெயரில் எழுதியிருந்தவர்களின் மெதட்கள் பிழைச்செய்தி ஏதுமில்லாமல் வெறும் அலங்காரமாக நின்றன. சேர் போட்ட வட்டத்துக்கு உண்மையிலேயே பொருத்தமானவை அவைதான். பைத்தன் 2க்கு ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் திகதியோடு நின்றது. நாங்கள் அதற்கு வெகு முன்பே மாறிவிட்டோம்.

ஊர்களும் மலர்களும் ஒழுங்குக்கு வந்தபிறகு ஆட்கள் மிஞ்சினார்கள். ஆள் என்ற கிளாஸுக்குப் பெடியன் __ஈக்யூ__ எழுதவேயில்லை. மறந்தானோ, வேண்டுமென்றே விட்டானோ தெரியாது. எழுதலாமா என்று நான் கேட்டேன். பெயரும் ஊரும் ஒன்றென்றால் ஆளும் ஒன்று என்று வைத்தால் வம்சாவளிகள் தாமாகவே ஒன்றோடொன்று இணைந்துவிடும். பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. சேர் மூன்று கல்வெட்டுகளை மேசையில் வைத்தார். ஒரே ஊர், ஒரே பெயர், ஒரே முதலெழுத்து. வரலாற்றை வாசித்தால் ஒருவர் மலேயாவில் புகையிரத உத்தியோகம் பார்த்தவர், ஒருவர் சுருட்டுக்கடை முதலாளி, ஒருவர் வாத்தியார். பேரனுக்குப் பாட்டனின் பெயரை வைக்கிற ஊரில் வேறென்ன நடக்கும்? பிறகு இன்னும் இரண்டை வைத்தார். ஒன்றில் இருப்பது ஊர்ப்பெயர், மற்றதில் கனடாக் கடவுச்சீட்டுப் பெயர். தகப்பன் பெயர் குடும்பப் பெயராகி, சொந்தப் பெயர் பாதியாகக் குறுகியிருந்தது. ஆள் ஒருவர்தான்.

“ஆக்களுக்கு அந்த ஈக்யூவை எழுதாதை பிள்ளை. இது கணக்கில்லை.”

எழுதாமல் விட்டால் ஒப்ஜெக்ட்டிடமிருந்து வருகிற __ஈக்யூ__தான் நிற்கும். அதன் சட்டம் எளிது: ஒரு பொருள் தனக்கு மட்டுமே சமம். அதையே வைத்துக்கொண்டோம். ஒருவராக இருக்கக்கூடிய சோடிகளை மட்டும் நிரல் தனிக் கோப்பில் எழுதித் தரும். சேர் அந்தக் கோப்பை அச்செடுத்து வைத்துக்கொண்டு, உறவினருக்குத் தொலைபேசி எடுத்து, உங்கடை பெரியப்பாதானே சிங்கப்பூரிலை இருந்தவர் என்று தொடங்குவார். ஒரு சோடிக்கு ஒரு மணித்தியாலம்கூடப் போகும். ஆம் என்று உறுதியானால் பென்சிலால் ஒரு சரி போடுவார். நான் அதைத் தட்டி ஏற்றுவேன்.